ராணிக்கும் ஷ்வேக்கும் வயசு மட்டும்தான் காரணமா?

வாசகர் கேள்வி (சுருக்கி வெளியிடுகிறோம்):

டாக்டர் ஐயா, வணக்கம். ரங்கூன் நகருக்குள் நான்காம் மாடியில் குடியிருக்கிறோம், லிப்ட் இல்லை. எங்கள் நாய் ராணிக்கு 13 வயசு. பெட்டை, கருத்தடை செய்யவில்லை. பூனை ஷ்வேக்கு 14 வயசு. ராணி இரண்டு வருஷத்துக்கு முன் 10 வீசை இருந்தது. போன வாரம் அரிசிக் கடைத் தராசில் நிறுத்தால் எட்டரை. தட்டை வைத்தால் ஓடி வருகிறது, முகர்ந்து பார்க்கிறது, திரும்பிவிடுகிறது. காலையில் மிஞ்சிய மொஹிங்கா மீன் குழம்பில் சோறு பிசைந்து வைத்தால் நக்குகிறது. வாய் நாறுகிறது. படி ஏறத் தயங்குகிறது. பால்கனிக் கயிற்றைப் பேப்பர்காரர் கீழேயிருந்து இழுத்து மணி அடித்தால் முன்பெல்லாம் குரைத்து ஊரைக் கூட்டும். இப்போது தலையைக்கூடத் தூக்குவதில்லை.

ஷ்வே நேர் எதிர். எதைப் போட்டாலும் தின்கிறது, ராணியின் தட்டிலும் வாய் வைக்கிறது. ஆனாலும் இரண்டே முக்கால் வீசை இருந்தது இரண்டு வீசைக்கு வந்துவிட்டது. குளியலறை வாளியில் எந்நேரமும் தண்ணீர் குடிக்கிறது, ராத்திரி முழுக்கக் கத்துகிறது. வயசான பிராணிக்குக் கறி ஆகாது, பால்சோறு போதும் என்கிறார் அத்தை. பக்கத்து வீட்டு அண்ணன் ராணிக்கு பாராசிட்டமால் அரை மாத்திரை கொடுக்கச் சொல்கிறார். என்ன செய்யட்டும்? இன்னொன்று, அத்தை கேட்கச் சொன்னது: ராணி கஷ்டப்படுகிறதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முழுக் கடிதத்தில் 'வயசாயிடுச்சு' என்ற சொல் நான்கு இடத்தில் வருகிறது. இளைத்ததற்கும் அதுதான் காரணம், வாய் நாற்றத்துக்கும் அதுதான், படி ஏறாததற்கும் ராத்திரி கத்தலுக்கும் அதுதான். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இதே சொல்லோடுதான் வருகிறார்கள். வயசு ஒரு நோயில்லை, சகோதரி. நீங்கள் எழுதியவற்றில் ராணியின் காது மந்தம் ஒன்றை மட்டும்தான் நான் வயசின் கணக்கில் எழுதுவேன். மற்றதற்கெல்லாம் பெயருள்ள காரணம் இருக்கும், பெரும்பாலானவற்றுக்கு வைத்தியமும் இருக்கும்.

நீங்கள் எடை பார்த்து எழுதியது எனக்குப் பெரிய உதவி. வீசைக்கு 1.63 கிலோ என்று கணக்குப் போட்டால் ராணி 16.3 கிலோவிலிருந்து ஏறக்குறைய 13.9 கிலோவுக்கு வந்திருக்கிறது. நூற்றுக்குப் பதினைந்து பங்கு போய்விட்டது. ஷ்வே நான்கரைக் கிலோவிலிருந்து 3.3 கிலோவுக்கு இறங்கி, கால் பங்குக்கு மேல் இழந்திருக்கிறது. அறுபது கிலோ மனிதர் 45 கிலோ ஆனால் வீட்டில் யாராவது 'வயசாயிடுச்சு' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பார்களா? அதனால் ஷ்வேயை இந்த வாரமே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இரண்டில் அவசரம் அதற்குத்தான். நன்றாகத் தின்கிற பிராணிக்கு ஒன்றும் இருக்காது என்ற நம்பிக்கையில்தான் பூனைகளை நாம் தாமதமாகக் கொண்டுபோகிறோம்.

நன்றாகத் தின்று, நிறையக் குடித்து, இளைத்துக்கொண்டே வரும் கிழப்பூனையைப் பார்த்தால் எனக்கு மூன்று நோய்கள் நினைவுக்கு வரும். முதலாவது, தைராய்டு சுரப்பி மிதமிஞ்சி வேலை செய்வது. உடம்பு அடுப்பு மாதிரி எரிந்துகொண்டே இருக்கும், எவ்வளவு போட்டாலும் பற்றாது. ராத்திரிக் கத்தலும் இதோடு பொருந்துகிறது. பூனைகளில் இந்த நோய் 1979-இல்தான் முதன்முதலாக மருத்துவ ஏடுகளில் வந்தது. இன்று கிழப்பூனைகளுக்கு வரும் மிகச் சாதாரணமான நோய்களில் இதுவும் ஒன்று, தினசரி மாத்திரையில் கட்டுப்படும். இரண்டாவது சர்க்கரை நோய். ஷ்வே பின்னங்காலில் குதிகால் தரையில் பட நடக்கிறதா என்று கவனியுங்கள், சர்க்கரை முற்றினால் சில பூனைகள் அப்படி நடக்கும். மூன்றாவது சிறுநீரகம் பழுதாவது. அதில் சாதாரணமாகப் பசி குறையும் என்பதால் அதைக் கடைசியில் வைக்கிறேன், ஆனால் விட்டுவிட மாட்டேன். சிறுநீரகம் மூன்றில் இரண்டு பங்கு கெட்ட பிறகுதான் சிறுநீர் நீர்த்துப்போய் தாகம் கூடும். தைராய்டும் சிறுநீரகமும் ஒரே பூனையில் சேர்ந்தும் இருக்கும். எது என்று கடிதத்தில் சொல்ல முடியாது. ஒரு முறை இரத்தமும் சிறுநீரும் சோதித்து, கூடவே இரத்த அழுத்தமும் பார்த்தால் தெரியும். ரங்கூனில் அந்த வசதியுள்ள சிறு பிராணி மருத்துவமனைகள் இருக்கின்றன. (இதைப் படிக்கிற பெகு, தட்டோன் பக்கத்து அன்பர்கள், அங்கே மாட்டு வைத்தியர்தான் கிடைப்பார் என்றாலும் சிறுநீரை மட்டுமாவது அவரிடம் கொடுத்துச் சர்க்கரை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பட்டை நனைக்கிற வேலைதான்.)

போகும்முன் வீட்டிலேயே ஒன்று செய்யுங்கள். குளியலறைக் கதவைச் சாத்தி வாளியை மறையுங்கள். ஷ்வேயை ஓர் அறையில் வைத்து, அளந்து ஊற்றிய தண்ணீரை ஒரு பாத்திரத்தில் வையுங்கள். 24 மணி நேரம் கழித்து மிச்சத்தை அளந்து கழித்துக்கொள்ளுங்கள். பூனை கிலோவுக்கு 50 மில்லிக்கு மேல் குடித்தால் அது அதிகம். ஷ்வேக்கு 165 மில்லி, அதாவது ஒரு சின்ன டம்ளர். ராணிக்கும் தனியாக இதே மாதிரி அளந்து பாருங்கள். நாய்க்குக் கிலோவுக்கு 100 மில்லி வரை பரவாயில்லை, ராணி ஒரு நாளில் 1,400 மில்லியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உடனே கொண்டுபோங்கள். கருத்தடை செய்யாத கிழப்பெட்டைக்குத் தீட்டு முடிந்த ஒன்றிரண்டு மாதத்தில் கர்ப்பப்பையில் சீழ் கட்டலாம். அதன் முக்கிய அடையாளங்களில் ஒன்று தாகம். வெளியே சீழ் வடிந்தால் கண்டுபிடித்துவிடலாம். வடியாமல் உள்ளேயே அடைபட்டால் சில நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். வால் பக்கம் நக்கிக்கொண்டே இருப்பது, வயிறு உப்புவது, வாந்தி, இவற்றில் எது தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

இனி ராணியின் சாப்பாட்டுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான்: ஓடி வருகிறது, முகர்கிறது, திரும்பிவிடுகிறது. பசியில்லாத நாய் ஓடி வராது. ராணிக்குப் பசி இருக்கிறது, வாய்தான் வேண்டாம் என்கிறது. குழம்பில் ஊறிய சோற்றை நக்குவதும் அதைத்தான் காட்டுகிறது.

சில வருஷத்துக்கு முன் ஒரு பெரியவர் தம் நாயைத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தார். அதற்கும் பன்னிரண்டு பதிமூன்று வயசிருக்கும். கடைசிக் காலம் வந்துவிட்டது, ஊசி போட்டு அனுப்பிவிடுங்கள் என்றார். இடது கண்ணுக்குக் கீழே சுண்டைக்காய் அளவு வீங்கியிருந்தது. மேலுதட்டைத் தூக்கினேன். மேல்வரிசையின் பெரிய கடைவாய்ப்பல் மேல் பழுப்புக் காறை சிமெண்ட் பூசினது போலப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினதும் ஓடு மாதிரிப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே பல் நெடுக வெடித்து, வேரில் சீழ் பிடித்திருந்தது. எலும்பு கடித்து உடைந்த பல். இரத்தம் பார்த்து, சலைன் ஏற்றி, மயக்கம் கொடுத்து, அந்தப் பல்லையும் இன்னும் நாலு பல்லையும் எடுத்தேன். மறுநாள் சாயங்காலம் அது தட்டை நக்கித் தரையில் தள்ளிக்கொண்டே போனதைப் பார்த்து அந்தப் பெரியவர் சுவரில் சாய்ந்து அழுதார். இத்தனை மாதம் வலியில் விட்டுவிட்டேனே என்றார். அவர் அழுததை நான் மறக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்: இன்றைக்கே ராணியை வெளிச்சத்தில் உட்காரவைத்து, உதட்டை ஓரமாகத் தூக்கி, கடைவாய் வரை பாருங்கள். ஈறு சிவந்து தடித்திருக்கிறதா, பல் ஆடுகிறதா, ஒரு பக்கம் மட்டும் காறை அதிகமா? ஈற்றின் நிறத்தையும் பாருங்கள். வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலையும் சந்தேகிக்க வேண்டும், அதற்கும் இரத்தப் பரிசோதனைதான் வழி. 'இந்த வயசில் மயக்க ஊசி தாங்குமா' என்று கேட்பீர்கள். முன்கூட்டியே இதயமும் சிறுநீரகமும் பார்த்துவிட்டுக் கொடுத்தால் பெரும்பாலான கிழநாய்கள் தாங்குகின்றன. வாயில் சீழோடு மாதக்கணக்கில் இருப்பதுதான் அவற்றால் தாங்க முடியாதது.

அத்தை சொன்ன பால்சோற்றைப் பற்றி. அவர் அன்பில் சொல்கிறார். வயசானால் கறியைக் குறைப்பது நம் வீடுகளில் மனிதர்களுக்குள்ள பழக்கம். ஆனால் நாய் உடம்பு நேர்மாறானது. வயசாக ஆக அதன் தசை தானாகவே கரையும், அதைக் காப்பாற்ற இளம் நாயைவிடக் கூடுதலான புரதம் வேண்டும். ராணியின் முதுகெலும்பு விரலில் தட்டுப்படுகிறது, தொடை சூம்பிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் கறியை நிறுத்திச் சோற்றை மட்டும் போட்டால் மிச்சமிருக்கும் தசையும் போய்விடும். சிறுநீரகம் கெட்டது என்று இரத்தத்தில் தெரிந்தால்தான் புரதத்தை அளவுபடுத்துவோம். அப்போதும் முதலில் குறைப்பது பாஸ்பரஸைத்தான். பால் பெரிய நாய் பூனைகளில் பலவற்றுக்குச் செரிக்காமல் வயிற்றைக் கலக்கும், டின் பாலில் சர்க்கரையும் சேர்ந்திருக்கும். அத்தை சொன்னதில் ஒன்று மட்டும் முழுக்கச் சரி: மென்மையான உணவு வேண்டும். கறியையே குழைய வேகவைத்து மசித்துக் கொடுங்கள்.

ராணியின் எடைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 650 முதல் 700 கலோரி போதும். தோல் நீக்கிய எலும்பில்லாக் கோழிக்கறி வேகாமல் வீசையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 330 கிராம். குழைந்த சோறு ஒரு கிண்ணம், 150 கிராம். மசித்த பூசணி இரண்டு மூன்று கரண்டி, எண்ணெய் ஒரு தேக்கரண்டி. இதை மூன்று வேளையாகப் பிரியுங்கள். எலும்பில்லாத கறியில் சுண்ணாம்புச் சத்து அறவே பற்றாது. முட்டை ஓட்டைக் கொதிக்கவைத்துக் காயவைத்து மாவாக அரைத்து, நாளுக்கு அரைத் தேக்கரண்டி கலந்தால் சுமார் ஒரு கிராம் கால்சியம் கிடைக்கும். வாரம் இரண்டு நாள் ஒரு கோழி ஈரல் சேர்க்கலாம். கொடுக்கும்போது இளஞ்சூடாகக் கொடுங்கள், மணம் எழுந்தால்தான் கிழநாய்க்குப் பசி கிளம்பும். மின்சாரம் வந்து வந்து போகிற நாட்களில் மூன்று நாளைக்குச் சேர்த்துச் சமைத்து வைக்காதீர்கள்.

ஆனால் இது வாய் ஆறும்வரைக்கும், சில வாரத்துக்கும் தாங்கும் சாப்பாடு. வருஷக்கணக்கில் இதையே நம்ப முடியாது. 2013-இல் கலிபோர்னியா கால்நடை மருத்துவர்கள் புத்தகங்களிலும் இணையத்திலும் வந்த 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்திருந்தது. அதனால் பிறகு பாதியாவது 'முழுமையான உணவு' என்று அச்சிட்ட கடை உணவாக மாற்றுங்கள். வெந்நீரில் ஊறவைத்தால் பல்லில்லாத நாயும் தின்னும்.

மொஹிங்காவை இன்றோடு நிறுத்துங்கள். அந்தக் குழம்பில் வெங்காயமும் பூண்டும் கரைந்து கிடக்கின்றன. அவை நாய் பூனை இரண்டின் சிவப்பணுக்களையும் உடைத்து இரத்தசோகையை உண்டாக்கும், பூனைக்குக் கொஞ்சமே போதும். மீன் சாஸும் ஙாப்பி மீன் விழுதும் வெறும் உப்பு. கடைப் பிரியாணியில் கிடக்கும் கிஸ்மிஸைப் பொறுக்கி நாய்க்குப் போடுகிற பழக்கமும் நம்மவர்களிடம் உண்டு. அது சில நாய்களுக்குச் சிறுநீரகத்தையே நிறுத்திவிடும். லப்பெத்துக்கு ஊறப்போட்ட தேயிலை அதன் வாய்க்கு எட்டாமல் இருக்கட்டும்.

ஷ்வேக்கு நான் சோற்றுக் கணக்கு எழுத மாட்டேன். பூனை கறி தின்னப் பிறந்த பிராணி. டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் அதன் கண்ணும் இதயமும் கெடும். இதய வீக்கத்துக்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பு 1987-இல் வெளிவந்த பிறகுதான் பூனை உணவுகளில் அதன் அளவைக் கூட்டினார்கள். சோற்றில் டாரின் கிடையாது. கோழி இதயத்தில் நிறைய உண்டு, ஆனால் வேகவைத்தால் தண்ணீரில் இறங்கிவிடும் என்பதால் அந்தத் தண்ணீரையும் சேர்த்தே வைக்க வேண்டும். பச்சை மீன் போடாதீர்கள். சில மீன்களில் தயமின் என்ற பி1 வைட்டமினை அழிக்கும் பொருள் இருக்கிறது, தொடர்ந்து தின்ற பூனை கழுத்தைத் தூக்க முடியாமல் தாடையை நெஞ்சில் ஊன்றி உட்காரும். இப்போதைக்கு பூனைக்கான ஈர உணவுப் பாக்கெட்டை நாலைந்து வேளையாகக் கொடுங்கள், கூட இரண்டு கரண்டி வெந்நீர் கலந்து. நோய் இன்னதென்று தெரிந்ததும் உணவையும் அதற்கேற்ப மருத்துவர் மாற்றுவார். சர்க்கரைக்கு ஒன்று, சிறுநீரகத்துக்கு வேறொன்று. புது உணவைத் தொடாவிட்டால் 'பசித்தால் தின்னும்' என்று பட்டினி போடாதீர்கள். இரண்டு மூன்று நாள் தின்னாத பூனைக்கு ஈரலில் கொழுப்பு அடையத் தொடங்கலாம், அது தனி ஆபத்து.

இரண்டுக்கும் தட்டைப் பிரித்து வையுங்கள். இப்போது உங்கள் வீட்டில் யார் எவ்வளவு தின்கிறது என்பதை யாராலும் சொல்ல முடியாது. ராணி சாப்பிடும் கால் மணி நேரம் ஷ்வே இருக்கும் அறைக் கதவு சாத்தியிருக்கட்டும். ஷ்வே மலஜலம் கழிக்கும் மண் தட்டின் விளிம்பையும் ஒரு பக்கம் தாழ்வாக வெட்டிவிடுங்கள். கிழப்பூனைக்கும் மூட்டு வலிக்கும், உயரமான விளிம்பைத் தாண்ட முடியாமல்தான் பல பூனைகள் வெளியே இருந்துவிடுகின்றன. அதற்காக அடிக்காதீர்கள்.

பாராசிட்டமால் வேண்டவே வேண்டாம். அண்ணன் நல்ல எண்ணத்தில் சொல்லியிருப்பார். அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு, ஒரே மாத்திரை போதும், இரத்தம் காபிக் கொட்டை நிறமாகி மூச்சு முட்டிச் சாகும். ராணிக்குக் கொடுத்தது தரையில் விழுந்து ஷ்வே நக்கினாலும் போதும். பெட்டிக்கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் வலி மாத்திரைகள் நாயின் குடலைப் புண்ணாக்கி இரத்தம் கசியவைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாய்க்கு ஏற்ற கார்புரோபென், மெலாக்சிகாம் போன்ற மருந்துகள் இருக்கின்றன. சிறுநீரகமும் ஈரலும் பார்த்துவிட்டு, எடைக்குத் தக்கபடி மருத்துவர் தருவார். அவையும் சும்மா வாங்கிப் போடும் மருந்தில்லை.

அத்தை கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், ராணிக்கு வலி இருக்கிறது. வாயிலும் இருக்கலாம், இடுப்பிலும் முட்டியிலும் நிச்சயம் இருக்கிறது. நாய் வலியில் கத்துவது அபூர்வம். படியின் கீழே நின்று உங்களை ஏறிட்டுப் பார்ப்பதும், எழுந்திருக்க இரண்டு தடவை முயல்வதும்தான் அதன் பேச்சு. ஆனால் அந்த வலியைக் குறைக்க வழி இருக்கிறது, இன்னும் ஒன்றையுமே நாம் முயன்று பார்க்கவில்லை. விடைகொடுக்கிற பேச்சு இப்போது வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லுங்கள். அது தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். 30-க்குள் இருக்க வேண்டும். தொடர்ந்து மேலே போனால் இதயத்தையும் பார்க்கச் சொல்ல வேண்டும். வெறிநாய்த் தடுப்பூசியை வயசைக் காட்டித் தள்ளிப்போடாதீர்கள், நம் நாட்டில் அந்த நோய் இன்னும் ஒழியவில்லை.

மருந்து தொடங்கும்வரை படிக்கு ஒன்று செய்யலாம். வீட்டில் பழைய லுங்கி ஒன்று இருக்கும். நீளவாக்கில் நாலாக மடித்து ராணியின் அடிவயிற்றுக்குக் கீழே, பின்னங்காலுக்குச் சற்று முன்னால் கொடுத்து, இரு முனையையும் மேலே சேர்த்து ஒரு கையில் பிடியுங்கள். தூக்க வேண்டாம், இடுப்பின் பாரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கூடவே ஏறுங்கள். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நிறுத்தி மூச்சு வாங்க விடுங்கள். ஏப்ரல் வெயிலில் விடியற்காலையும் இருட்டின பிறகும் மட்டும் இறக்குங்கள். ஷ்வே குடித்த தண்ணீர்க் கணக்கும் இரத்தப் பரிசோதனை முடிவும் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள், அதற்கான சாப்பாட்டை அப்போது சேர்ந்து பார்ப்போம்.